தீபாவளி அட்டையில் ஊதா விளக்கு: உலோக அலங்காரத்துக்கு விரும்பிய நிறம் ஏற்றுவது எப்படி?

தீபாவளிக்கு வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்பவர்களுக்குக் கைவினைக் கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் சிக்கல் நிறம்தான். அட்டையில் பதிக்கும் சிறு விளக்கு, மயில், மாங்காய், பூ போன்ற உலோகத் துண்டுகள் தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் கிடைக்கின்றன. மிஞ்சினால் பழைய பித்தளை போல் கறுத்த நிறத்தில் கிடைக்கும். மலேசியாவில் நோன்புப் பெருநாள் பண உறைக்குப் பச்சை, சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு என்று ஆனதுபோல் தீபாவளி உறைக்கு ஊதா நிறம் வழக்கமாகிவிட்டது. அந்த உறைக்குப் பொருத்தமாக ஊதா விளக்கு பதித்த அட்டை ஒன்று வேண்டுமென்றால் நிறத்தை வீட்டில்தான் ஏற்றியாக வேண்டும்.

நிறம் ஏற்றுவது பத்து நிமிட வேலை. அது உரியாமல், வெளுக்காமல், பச்சைக் களிம்பு ஏறாமல் அடுத்த தீபாவளிவரை இருப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் உறிஞ்சாது. மேலே ஒரு படலமாக மட்டுமே நிறம் உட்காரும். போதாக்குறைக்கு நம் ஊரில் காற்றே ஈரம். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பண்டிகைக்கு அட்டை அனுப்பும் பழக்கம் ஆங்கிலேயர் வழியாக வந்தது. லண்டனில் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்து அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டையே வணிக முறையில் வெளிவந்த முதல் பண்டிகை அட்டை என்பர். அது இங்கே தீபாவளி அட்டையாகவும் தமிழ்நாட்டில் பொங்கல் அட்டையாகவும் உருமாறியது. தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு, ஆபீசுக்கு வந்த தபாலில் தம் பெயர் இருக்கிறதா என்று கிராணியிடம் கேட்டுக் காத்திருந்தது நினைவிருக்கும். வந்த அட்டைகளை நூலில் கோத்து முன்வாசல் சுவரின் குறுக்கே தொங்கவிடுவார்கள். எத்தனை அட்டை தொங்குகிறது என்பதை வருகிற உறவுக்காரர்கள் எண்ணாமல் எண்ணிப் பார்ப்பதும் உண்டு.

இன்று வாழ்த்து புலனத்தில் வந்துவிடுகிறது. ஒரே படம் ஐம்பது பேரிடமிருந்து வருகிறது. கையால் செய்யும் அட்டை இப்போது சிலருக்கு மட்டும்தான்: பிள்ளையின் ஆசிரியருக்கு, சுகமில்லாமல் இருக்கும் பெரியம்மாவுக்கு, தோட்டம் மூடியபின் வேறு ஊருக்குக் குடிபோன பழைய அண்டைவீட்டாருக்கு, திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்க வேண்டிய நெருங்கிய குடும்பத்துக்கு. முன்பு ஐம்பது அட்டைக்குச் செலவான நேரம் ஐந்து அட்டைக்குக் கிடைக்கிறது. அதனால்தான் உலோக வேலைப்பாடு போன்ற நிதானமான வேலைக்கு இப்போது இடம் உண்டாகியிருக்கிறது.

காந்தத்தை எடுத்து வையுங்கள்

வேலை தொடங்குமுன் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும். அது பிடித்து இழுத்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் இரும்பு. மேலே தங்க முலாம் இருந்தாலும் வெட்டிய விளிம்பில் துரு பிடிக்கும். அதை அட்டைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் விளிம்பு உட்பட முழுவதும் பூச்சு மூட வேண்டும். காந்தம் பிடிக்காதவை பித்தளை, செம்பு, அலுமினியம், துத்தநாகக் கலவை ஆகியவை. கடையில் பாக்கெட்டாக விற்கும் கனமான வார்ப்புத் துண்டுகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான். பித்தளையாகத் தெரிவது மேல்பூச்சு.

கைவினைக் கடையில் பிராட், ஐலெட் என்று இரண்டு பெயர்கள் அடிபடும். பிராட் என்பது உருண்டைத் தலையும் பின்னால் இரண்டாகப் பிரியும் காலும் உள்ள சிறு ஆணி. தாளில் துளையிட்டு நுழைத்துக் கால்களை விரித்துவிட வேண்டும். ஐலெட் என்பது காலணியில் கயிறு நுழையும் துளையைச் சுற்றி இருக்கிறதே, அந்த வளையம். இவற்றை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டு அலமாரியில் ஒற்றையாகிப்போன கவரிங் தோடு, அறுந்த சங்கிலியில் இருந்த மாங்காய்ப் பதக்கம், பரதநாட்டியச் சலங்கையில் உதிர்ந்த மணி, பழைய ஜிமிக்கியின் குடை எல்லாம் அருமையான அட்டை அலங்காரங்கள். பாட்டியின் தோடு பேத்தி செய்த அட்டையில் வந்தால், பெறுகிறவருக்கு அதன் பின்னணி தெரியும். ஆனால் ஒட்டுவதற்குமுன் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 916 என்று பொறித்திருந்தால் அது அட்டைக்குப் போக வேண்டிய பொருள் அல்ல.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகும் அட்டையில் விலை மலிந்த, எங்கே செய்தது என்று தெரியாத உலோகத் துண்டுகளைத் தவிர்க்க வேண்டும். மலிவு ஆபரண உலோகங்களில் காரீயமும் காட்மியமும் கலந்திருந்த நிகழ்வுகள் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். கவரிங் தோடு போட்டால் காது அரிப்பவர்களுக்குக் காரணம் அநேகமாக நிக்கல். அவர்கள் வேலை செய்யும்போது மெல்லிய கையுறை அணிவது உதவும்.

முதலில் புளி

நிறம் உரிவதற்கு முதல் காரணம் அழுக்கு. கண்ணுக்குத் தெரியாத விரல் எண்ணெயே போதும். மை அந்த இடத்தில் மட்டும் விலகி நிற்கும். கறுத்த பித்தளைக்கும் செம்புக்கும் நம் வீட்டு முறையே சிறந்தது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்தால், புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். ஆனால் புளியை மிச்சம் விடக் கூடாது. இடுக்கில் தங்கும் அமிலமும் உப்பும் ஈரக் காற்றோடு சேர்ந்து சில வாரங்களில் பச்சைக் களிம்பாகக் கிளம்பும். மேலே பூசிய நிறத்தைத் தூக்கிவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். முலாம் பூசிய துண்டுகளைப் புளியில் போட வேண்டாம், முலாம் போய்விடும். அவற்றுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பே போதும்.

காய்ந்தபின் 400 அல்லது 600 எண் உள்ள மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு சற்றுக் குறைந்து, பூச்சு பிடித்துக்கொள்ள நுண்ணிய கீறல்கள் கிடைக்கும். கடைசியாக, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு, அதன்பின் விரல் படாமல் சாமணத்தால்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு விலை உயர்ந்த மை வாங்குவதில் பயனில்லை.

ஊதா ஏன் பழுப்பாகிறது?

உலோகத்துக்கு நிறம் ஏற்ற இப்போது அதிகம் பயன்படுவது ஆல்கஹால் மை. ஆல்கஹாலில் கரைந்த சாயம் அது. ஒரு சொட்டு விட்டால் பரவி, ஒரு நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். சாயம் ஊடுருவித் தெரியக்கூடியது என்பதால் அடியில் உள்ள உலோகத்தின் மினுக்கம் மறையாது. ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பக்குவம் இதில் எளிதாக வரும்.

ஆனால் அந்த ஊடுருவும் தன்மையே ஊதாவைக் கெடுக்கிறது. பித்தளை மஞ்சள் உலோகம். நீல ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அதன்மேல் நீல மை விட்டால் பச்சையாகத் தெரியும். சிவப்பு மை செம்புபோல் செம்மஞ்சளாகும். ஊதா மை பழுப்பாகவோ கத்தரிக்காய் வாடிய நிறமாகவோ மங்கிப்போகும். மை கெட்டுப்போனதென்று நினைத்து இரண்டாம், மூன்றாம் பூச்சு கொடுத்தால் கறுக்குமே தவிர ஊதா வராது. வழி இரண்டு. அலுமினியம் அல்லது வெள்ளி நிறத் துண்டை எடுத்து அதன்மேல் ஊதா ஏற்றலாம். மை எந்த நிறமோ அப்படியே தெரியும். பித்தளைத் துண்டுதான் வேண்டுமென்றால் முதலில் வெள்ளை அல்லது வெள்ளி நிற அடிப்பூச்சு கொடுத்துக் காயவைத்து, அதன்மேல் ஊதா விட வேண்டும். வெள்ளை அடிப்பூச்சில் உலோக மினுக்கம் போய்விடும், வெள்ளி அடிப்பூச்சில் ஓரளவு தங்கும். விளக்குக்கு வெள்ளியே அழகு.

பித்தளையின் மஞ்சளைப் பகையாக நினைக்காமல் பயன்படுத்திக்கொள்வதும் ஒரு வழி. மாவிலைத் தோரணம் செய்யும்போது பித்தளைத் தகட்டின்மேல் நீல மை ஒரு சொட்டும் மஞ்சள் மை ஒரு சொட்டும் விட்டால், கடையில் எங்கும் கிடைக்காத ஆழமான இலைப்பச்சை வரும். செம்புமேல் சிவப்பு விட்டால் குங்குமத்துக்கு நெருங்கும்.

சொந்த நிறம் கலக்கப் பீங்கான் தட்டோ உடைந்த தரை ஓடோ போதும். சொட்டுக் கணக்கை உடனே எழுதிவைக்க வேண்டும். மூன்று சொட்டு நீலம், இரண்டு சொட்டு இளஞ்சிவப்பு என்று எழுதி, பக்கத்தில் அதே உலோகத்தில் ஒரு சிறு துண்டுக்கு நிறம் ஏற்றி ஒட்டிவைத்தால் பத்தாவது அட்டையும் முதல் அட்டையும் ஒரே நிறத்தில் இருக்கும். காகிதத்தில் சோதித்துப் பார்ப்பது வீண்; உலோகத்தில் அந்த நிறம் வராது. மையைத் தூரிகையால் தீட்டுவதைவிடச் சிறு துண்டுக் கம்பளித் துணியில் விட்டு ஒற்றி எடுத்தால் கோடு விழாது. மை வாங்க வசதியில்லாதவர்கள் அழியாத மார்க்கர் பேனாவால் தீட்டி, மேலே ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுக் கலைக்கலாம். அடிப்படையில் அதுவும் இதே வகைச் சாயம்தான்.

இந்த மை காய்ந்தபின்னும் ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும். கிருமிநாசினி பூசிய கையால் அட்டையைத் தொட்டாலே விரல்ரேகை பதியும். ஆகவே மேலே வார்னிஷ் கட்டாயம். அந்த வார்னிஷும் ஆல்கஹால் கலந்ததாக இருக்கக் கூடாது, இருந்தால் அதுவே நிறத்தை வழித்துக்கொண்டு போகும். அக்ரிலிக் தெளிப்பு வார்னிஷை முதலில் ஓர் அடி தள்ளி நின்று மிக மெல்லியதாக ஒருமுறை, காய்ந்தபின் மறுமுறை அடிப்பது பாதுகாப்பு. சாயம் வெயிலில் வெளுக்கும். சன்னலோரத்தில் வைக்கும் அட்டைக்கு ஆல்கஹால் மை ஏற்றதல்ல.

மழை மாலையில் வேண்டாம்

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மலேசியாவின் மேற்குக் கரையில் மாலை இடிமழைக் காலம். அலுவலகம் முடிந்து வந்து, சமையலை முடித்து, மழைச் சத்தத்தோடு உட்கார்ந்து வேலை செய்யத்தான் மனம் போகும். தெளிப்பு வார்னிஷுக்கும் நகப் பூச்சுக்கும் அதுவே கெட்ட நேரம். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படியும். பூச்சு பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போகும். பலர் இதைப் பழைய வார்னிஷ் என்று நினைத்துப் புதிதாக வாங்குகிறார்கள். வெயில் ஏறியபின், காலை பத்து மணிக்கு மேல் அடித்துப் பார்த்தால் அதே டப்பா ஒழுங்காக வேலை செய்யும்.

நகப் பூச்சு ஏழைகளின் எனாமல் என்றே சொல்லலாம். எல்லா வீட்டிலும் இருக்கிறது; பசார் மாலாமில் சில வெள்ளிக்கு எல்லா நிறமும் கிடைக்கிறது; உலோகத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிறத்தைக் கலந்து புது நிறம் செய்யவும் முடியும். தடிப்பாக ஒரே பூச்சு கொடுத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். உறைக்குள் போட்டதும் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஓர் இரவு என்பதே கணக்கு.

அக்ரிலிக் வண்ணம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது, நாற்றமில்லை, தண்ணீரில் கழுவலாம். வெறும் உலோகத்தில் பூசினால் நகத்தால் கீறியதும் தோலாக உரியும் என்பதால் அடியில் உலோகத்துக்கான பிரைமர் வேண்டும். மேடுபள்ளம் உள்ள துண்டுகளில் இதை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். முழுவதும் வண்ணம் பூசி, காயுமுன் ஈரத் துணியால் மேலாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கி, மேட்டில் உலோகம் மின்னும். கோபுரம், மயில் தோகை போன்ற நுணுக்க வேலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

உருகும் பொடி

எனாமல் நகைபோல் தடித்த, கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்பவர்கள் எம்போசிங் பொடியை நாடுகிறார்கள். இது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் வகைப் பொடி. துண்டின்மேல் பிசுபிசுப்பான, மெதுவாகக் காயும் மையை ஒற்றி, பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் எனப்படும் சூடான காற்றுக் கருவியால் சூடேற்றினால் பொடி உருகி ஒரே பரப்பாக ஓடும். தலைமுடி உலர்த்தியால் இது முடியாது. அதில் சூடு போதாது, காற்று அதிகம், பொடி பறக்கும்.

காகிதத்தில் பொடி உடனே உருகும். உலோகம் சூட்டை வாங்கிப் பரப்பிக்கொள்வதால் கொஞ்சம் நேரமெடுக்கும், அதே காரணத்தால் உருகி முடிந்தபின்னும் வெகு நேரம் சுடும். சாமணத்தால் பிடித்து, ஓட்டின்மேல் வைத்து ஆறவிட வேண்டும். இங்கே நிறம் கலப்பதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நீலப் பொடியையும் சிவப்புப் பொடியையும் கலந்தால் ஊதா வராது. நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாகக் கலந்த பொரி விளங்கா உருண்டை மாதிரி இருக்கும். ஒரே சீரான ஊதா வேண்டுமென்றால் ஊதாப் பொடியையே வாங்க வேண்டும். ஆனால் தெளிவான, நிறமற்ற பொடியை ஆல்கஹால் மை ஏற்றிய துண்டின்மேல் உருக்கினால் நிறமும் சொந்தமாகும், கண்ணாடிப் பளபளப்பும் கிடைக்கும், வார்னிஷும் தேவைப்படாது. இந்த வகைகளில் சிரமத்துக்கு ஏற்ற பலன் தருவது இதுவே.

துண்டு எதனால் ஆனது என்பது இங்கேயும் முக்கியம். மலேசியாவின் புகழ்பெற்ற பியூட்டர் பெரும்பகுதி வெள்ளீயம், ஒரு காலத்தில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த அதே உலோகம். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். ஹீட் கன்னை அருகில் பிடித்தால் அழகிய மயில் சொட்டாகி உட்கார்ந்துவிடும்.

நெருப்பும் களிம்பும்

செம்புத் தகட்டை அடுப்புச் சுவாலையில் காட்டினால் எந்தச் சாயமும் இல்லாமலே நிறம் மாறும். மேலே உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்கச் செம்மஞ்சள், ரோஜா, ஊதா, நீலம் என்று ஓடி, கடைசியில் கறுக்கும். வேண்டிய நிறம் வந்த நொடியில் தீயிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அடுத்த நிறத்துக்குப் போய்விடும். ஒரே தகட்டில் நாலு நிறமும் கலந்து வருவதைத்தான் பலர் விரும்புகிறார்கள். வார்னிஷ் பூசினால் இந்த நிறங்கள் மங்குகின்றன என்பது இதன் குறை. துத்தநாகக் கலவையையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் தீயில் காட்டவே கூடாது. முன்னது உருகும், பின்னதிலிருந்து வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாமல் இருக்க நம் முன்னோர் ஈயம் பூசினார்கள். அட்டைக் கலைஞர்களோ அதே களிம்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். மூடி உள்ள டப்பாவில் வினிகரில் நனைத்த பஞ்சை வைத்து, உப்புத் தெளித்த செம்புத் துண்டை அதன்மேல் படாமல் ஒரு சல்லடையில் வைத்து மூடிவிட்டால் ஓரிரு நாளில் கடல்பச்சை நிறம் படரும். அழகுதான். ஆனால் அது உதிரும், உடலுக்குள் போனால் நஞ்சு. பெரியவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில், வார்னிஷால் நன்றாக மூடியபின் மட்டுமே பயன்படுத்தலாம். டப்பா பக்கத்தில் துணி வெளுக்கும் திரவம் எதுவும் இருக்கக் கூடாது. வினிகரோடு அது சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு வரும்.

எல்லா முறைக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை உண்டு. ஆல்கஹால், நகப் பூச்சு, தெளிப்பு வார்னிஷ் மூன்றின் ஆவியும் தீப்பிடிக்கக் கூடியவை. தீபாவளி வாரத்தில் பூஜை மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் வீடுகளில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. வேலை ஐந்தடியில் இருக்கிறதா, அம்மாவின் விளக்கு ஐந்தடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதைவிட முன்வாசலுக்கோ பின்கட்டுக்கோ போய்விடுவது மேல்.

காலி டின்னில் ஒரு விளக்கு

காசு செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்குக் குடித்து முடித்த பான டின் இருக்கிறது. அதன் பக்கச் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியம். சாதாரணக் கத்தரிக்கோலே வெட்டும். மேலும் கீழும் வெட்டி நீக்கி, விரித்து, கழுவி, உட்புறத்தை மேலே வைத்தால் வெள்ளித் தகடு தயார். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால் வெட்டும் வேலை பெரியவர்களுடையது, கையுறை அவசியம். வெட்டியபின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்தால்தான் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

தகட்டைப் பழைய நாளிதழ் அடுக்கின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பின்புறத்திலிருந்து அழுத்திக் கோடு போட்டால் முன்புறம் மேடாக எழும்பும். புள்ளிக் கோலத்துக்கு இது கைவந்த கலை: புள்ளி வைப்பது ஓர் அழுத்து, இழை இழுப்பது ஒரு கோடு. கோலம் இருபுறமும் ஒன்றாக இருப்பதால் பின்பக்கம் போட்டாலும் பிசகாது. எழுத்து அப்படியல்ல. ‘தீபாவளி வாழ்த்து’ என்று பின்புறம் நேராக எழுதினால் முன்புறம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக நிற்கும். முதலில் மெல்லிய தாளில் எழுதி, அந்தத் தாளைத் திருப்பி வைத்துப் பின்தெரியும் எழுத்தின்மேல் அழுத்திப் போக வேண்டும். ‘ழ்’ என்ற எழுத்தில்தான் பலருக்குக் கை தடுமாறும்.

வெள்ளித் தகடு என்பதால் ஊதா மை இதில் ஊதாவாகவே விழும். சுடருக்கு மட்டும் மஞ்சள் ஒரு சொட்டும் அதன் நுனியில் சிவப்பு ஒரு சொட்டும் விட்டால் இரண்டும் ஓடிக் கலந்து தானே சுடராகிக்கொள்ளும்.

ஒட்டுவதும் அனுப்புவதும்

தாள் ஒட்டும் பசை உலோகத்தைப் பிடிக்காது. ஒட்டியதுபோல் இருந்து, இரண்டு நாள் கழித்து உறைக்குள் கழன்று கிடக்கும். துளை உள்ள துண்டுகளை நூலால் தைப்பதே உறுதி. சேலைக் கரைக்கு ஏற்ற ஜரிகை நூலால் தைத்தால் அதுவும் அலங்காரமாகிவிடும். துளையில்லாதவற்றுக்கு இரண்டு குழாய் எபாக்சி பசை நல்லது. சூப்பர் குளூ விரைவானதுதான், ஆனால் நம் ஈரக் காற்றில் பசையைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்து, பாடுபட்டு ஏற்றிய நிறத்தை மங்கச் செய்யும். அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை தடிப்பாக இருந்தால் உலோகத்தின் பாரம் தாங்கும். பிராட் கால்கள் தெரியும் உட்புறத்தை இன்னொரு தாளால் மூடிவிடுவது மரியாதை. வாழ்த்துப் படிப்பவரின் விரலைக் கீறக் கூடாது.

தபாலில் அனுப்புபவர்கள் தடிப்பைக் கணக்கிட வேண்டும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் வகைப்பாட்டில் சிறு கடிதத்துக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே எல்லை. மடித்த அட்டையும் உறையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். பஞ்சு நாடா இரண்டு, வார்ப்பு விளக்கு இரண்டு என்றால் எல்லையைத் தொட்டாயிற்று. டின் தகட்டு விளக்கு இங்கேயும் கைகொடுக்கும். எடையும் அப்படித்தான். 300 ஜிஎஸ்எம் தாளில் ஒரு முழு ஏ4 மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். அதில் பாதியை மடித்துச் செய்தால் ஒன்பது கிராம் சொச்சத்தில் முடியும், மிச்சம் உலோகத்துக்கு. எப்படியும் தபால் நிலைய முகப்பில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தபால்தலை ஒட்ட வேண்டும்.

கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் உருளைகளுக்கு நடுவே உறை வளைந்து ஓடுகிறது. உள்ளே கெட்டியான பொருள் இருந்தால் உறை கிழியும், அலங்காரம் வெளியே விழும். அட்டையின் முகப்பில் அதே அளவு தடித்த தாள் ஒன்றை வைத்து, குமிழ்த் தாள் உள்ள உறையில் போட்டு, பொதியாக அனுப்புவது செலவு கூடுதலானாலும் சேரும் வழி. முகப்பில் கேட்டால் கையால் முத்திரை குத்தித் தரும் ஊழியர்களும் உண்டு.

முன்கூட்டியே செய்து வைப்பவர்கள் அட்டைகளைக் கட்டாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைக்க வேண்டாம். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். பால்மரத்தோடு மூன்று தலைமுறை வாழ்ந்த வீடுகளில் இதைச் சொல்வது வேடிக்கைதான். பருத்தி நூலால் கட்டி, அட்டைக்கு அட்டை ஒரு வெண்தாள் இடையில் வைத்து, முறுக்கு டின் ஒன்றில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் மூடி வைத்தால் ஐப்பசி மழை முழுவதையும் தாங்கும். டின்னில் பழைய முறுக்கின் எண்ணெய் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.